ஃபோர்டு டி மாடலின் ஹேண்ட்பிரேக்

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் உருவாகி 1908 அக்டோபரில் வெளிவந்த ஃபோர்டு டி மாடலில் ஹேண்ட்பிரேக் நெம்புகோலுக்கு இரண்டு வேலை. பின்னால் இழுத்தால் பின்சக்கர டிரம்களுக்குள் இருந்த இரும்பு ஷூக்கள் விரிந்து அழுத்தும்; அதே இழுப்பில் கிளட்சும் விடுபடும். மிதி பிரேக் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. கியர்ப் பெட்டிக்குள் சுழலும் ஒரு டிரம்மைத்தான் பட்டையால் இறுக்கும். அந்தப் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏதாவது முறிந்தால், ஹேண்ட்பிரேக்தான் கதி.

அது தளர்ந்திருந்தால் வண்டியைக் கிளப்புவதே ஆபத்து. முன்னால் நின்று கிராங்க் சுற்றவேண்டிய கார் அது. கிளட்ச் தகடுகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியாகித் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் பிடித்ததும் கார் சுற்றியவர் மீதே ஊர்ந்து வரும். 1919ல் மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகும் அது இல்லாத வண்டிகள் ஏராளமாக ஓடின.

மெக்கானிக் பக்கத்தில் இல்லாத பண்ணை வீடுகளில் தளர்ந்த ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு. நெம்புகோலின் குறுக்குத் தண்டிலிருந்து பின்சக்கரங்களுக்கு இரண்டு இரும்புக் கம்பிகள் போகும். கம்பியின் நுனியில் மரை, அதில் கவட்டை போன்ற ஒரு முனை. குறடால் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, முளையைக் கழற்றி, கவட்டையை ஓரிரு சுற்றுத் திருகினால் கம்பியின் நீளம் குறையும். பிறகு பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நெம்புகோல் நேராக நிற்கையில் உரசக்கூடாது. பின்னால் இழுத்ததும் இரண்டும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். ஒரு கம்பி மட்டும் குட்டையானால் அந்தச் சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையில் வண்டி கோணலாக வழுக்கும். கை தேர்ச்சி வேண்டியது இந்த இடத்தில்தான்.

1926 மாடலில் டிரம்கள் 11 அங்குலமாகப் பெரிதாயின. ஒன்றரைக் கோடி கார்களுக்குப் பின் 1927ல் டி மாடல் நின்றது. ஃபோர்டு 1939 மாடல்களில் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. நிறுத்திய வண்டியைப் பிடித்து வைப்பதே காலப்போக்கில் ஹேண்ட்பிரேக்கின் முதல் வேலையாயிற்று.

பின்னாளில் கம்பியின் இடத்தைக் கேபிள் பிடித்தது. டிரம் பிரேக்கில் தளர்ந்த ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்ய முதலில் உள்ளிருக்கும் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூக்களை நெருக்க வேண்டும். கேபிள் நட்டைத் தொடுவது அதன் பிறகே. முதலிலேயே கேபிளை முறுக்குவதுதான் வீட்டில் நடக்கும் வழக்கமான தவறு. நெம்புகோல் இறுகிவிடும், தேய்ந்த ஷூ கண்ணுக்குத் தப்பிவிடும்.

2001ல் பிஎம்டபிள்யூ 7 வரிசை நெம்புகோலை எடுத்துவிட்டுப் பொத்தானை வைத்தது. அதன்பின் வந்த பல கார்களில், பின்சக்கர பிரேக் பேடு மாற்றுவதற்கே மின்மோட்டாரைப் பின்வாங்கச் சொல்லிக் கணினிக் கருவி வழியே கட்டளை கொடுக்க வேண்டியிருக்கிறது.