ஒரே நாள்ல எல்லாருக்கும்: இ-வே பில் படுத்த கதை

2018 பிப்ரவரி 1, வியாழக்கிழமை. நாடு முழுக்க டிவியில அருண் ஜெட்லியோட பட்ஜெட் உரை ஓடிட்டு இருந்தது. ஓசூர்ல என் மாமாவோட பட்டறையில யாரும் டிவி பார்க்கலை. எல்லாரும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரீனைத்தான் பார்த்துட்டு இருந்தோம். அதுல ஒரு சின்ன வட்டம் சுத்திட்டே இருந்தது.

நான் அப்போ இன்ஜினியரிங் கடைசி வருஷம். "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, வந்து இந்த பில்லைப் போட்டுக் குடு மாப்ள"ன்னு மாமா காலையிலேயே கூப்பிட்டுட்டார். வெளியே ஒரு குட்டியானை வண்டி லோடோட நிக்குது. லேத்ல கடைஞ்ச இரும்பு பாகங்கள். பொம்மசந்திராவுல ஜிங்க் பிளேட்டிங் போட்டு, திரும்ப ஓசூர் வந்து, அங்கிருந்து பெரிய கம்பெனிக்குப் போகணும். வழக்கமா ஒரு மணி நேரத்துல போய்ச் சேர்ற லோடு. அன்னைக்கு கிளம்பவே இல்லை. ஏன்னா இ-வே பில் போர்ட்டல் திறக்கலை.

நான் பொறந்து வளர்ந்தது கெலவரப்பள்ளி. எங்க ஊர் அணைக்கு வர்ற தென்பெண்ணை ஆறு நந்தி மலையில கிளம்பி, பெங்களூரு பக்கமா வந்து, எந்த பில்லும் இல்லாம எல்லையைத் தாண்டிடும். சரக்கு அப்படித் தாண்ட முடியாது. அதுக்கு எப்பவும் ஒரு காகிதம் வேணும். அந்தக் காகிதம் சாஃப்ட்வேரா மாறினப்போ என்ன ஆச்சுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

எல்லையில் இருந்த காகிதங்கள்

ஜிஎஸ்டிக்கு முன்னாடி, ஓசூர்ல இருந்து பெங்களூரு போற வழியில தமிழ்நாட்டுப் பக்கம் ஜூஜூவாடி செக்போஸ்ட், கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளி. லாரி டிரைவர் கையில பில், ஜேஜே ஃபார்ம் எல்லாம் இருக்கணும். வேற மாநிலத்துக்கு விற்பனைன்னா பின்னாடி சி ஃபார்ம் வாங்கணும். கர்நாடகத்தில் 'இ-சுகம்' என்று ஒரு முறை இருந்தது. சரக்கு விவரத்தை ஆன்லைனில் பதிந்து ஒரு எண் வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்ப வேண்டும். இ-வே பில்லுக்கு ஒரு வகையில் அதுதான் அண்ணன்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. தமிழ்நாடு, கர்நாடகம் உட்பட 22 மாநிலங்கள் சில நாட்களிலேயே வணிகவரி செக்போஸ்ட்களை மூடின. லாரிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அரசுக்கு ஒரு கேள்வி: நடுரோட்டில் போகிற சரக்கு கணக்கில் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கான பதில்தான் இ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு நகர்ந்தால், முன்கூட்டியே போர்ட்டலில் பதிந்து எண் வாங்க வேண்டும். இதை உருவாக்கும் வேலை என்.ஐ.சி எனப்படும் தேசிய தகவலியல் மையத்திடம் போனது.

இதுல ஓசூர் மாதிரி எல்லை ஊருக்கு மட்டும் ஒரு தனி வலி இருக்கு. ஜாப் ஒர்க்குக்காக வேற மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினா, 50,000 ரூபாய் வரம்பு பொருந்தாது. மதிப்பு எவ்வளவா இருந்தாலும் பில் வேணும். சேலத்துப் பட்டறைக்காரர் பக்கத்துத் தெருவுல பிளேட்டிங் போட்டுக்கலாம். எங்க ஊர்ல பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட்டுன்னு நிறைய வேலைகளுக்கு பொம்மசந்திரா, ஜிகணி, பீன்யான்னு போகணும். பொம்மசந்திரா கொஞ்ச தூரம்தான். ஆனா அது வேற மாநிலம். 2018-ல பில் இல்லாம பறக்கும் படை பிடிச்சா வண்டி நிக்கும், வரியும் அதே அளவு அபராதமும் கட்டித்தான் மீட்க வேண்டியிருந்தது.

பதினைந்து நாள் ஒத்திகை

இந்த அமைப்பை முதலில் கையில் எடுத்த மாநிலம் கர்நாடகம். 2017 செப்டம்பர் 12 முதலே அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடு தழுவிய சோதனை 2018 ஜனவரி 16 அன்று தொடங்கியது. பிப்ரவரி 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்குக் கட்டாயம் என்று அறிவிப்பு. போதாக்குறைக்குச் சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் ஓடும் சரக்குக்கும் அதே நாளில் தொடங்க முடிவு செய்திருந்தன.

இங்கே ஒரு சாஃப்ட்வேர்க்காரனா நிறுத்திச் சொல்லணும். ஒத்திகைக் காலத்துல பில் போடலைன்னாலும் வண்டி போகும். அப்போ யார் போடுவா? என் மாமா ஜனவரி முழுக்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. பிப்ரவரி 1 காலையிலதான் முதல் தடவையா லாகின் பண்றார். அவரை மாதிரி எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஒத்திகைக்கு வந்த கூட்டத்தை வச்சு திருவிழாக் கூட்டத்தைக் கணக்குப் போட முடியாது.

கூட்டம் வந்தது, சர்வர் படுத்தது. பக்கம் திறக்கவில்லை; திறந்தாலும் பில் உருவாகவில்லை. அன்றைக்கே அரசு பின்வாங்கியது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சோதனைக் காலம் நீட்டிக்கப்படுகிறது, இப்போதைக்குக் கட்டாயமில்லை என்று அறிவித்தது.

அறிவிப்பு எங்க காதுக்கு வர்றப்போ சாயங்காலம் ஆயிடுச்சு. அதுக்குள்ள பிளேட்டிங் கடையில அன்னைக்கு ஷிஃப்ட் போச்சு. மறுநாள் காலையில கம்பெனியில இருந்து மாமாவுக்கு போன்: "லைன் நிக்கப் போகுது, பார்ட் எங்கே?" ஆட்டோமொபைல் சப்ளையில ஒரு பாகம் லேட்டானா முழு அசெம்பிளி லைனும் காத்திருக்கும். சப்ளையரோட ரேட்டிங்ல கரும்புள்ளி விழும். போர்ட்டல் படுத்தது மாமா தப்பில்லை. ஆனா அந்தப் புள்ளி விழுந்தது மாமா பேர்லதான்.

இந்த வரலாறு முழுக்க நான் பார்க்குறது இதைத்தான். மாத்துற தேதியைக் குறிக்கிறவர் ஒருத்தர். அது தவறிப்போனா விலை கொடுக்குறவர் இன்னொருத்தர்.

இரண்டாம் முறை

அடுத்து நடந்தது முக்கியம். சர்வர் பலப்படுத்தப்பட்டது, ஒரு நாளைக்கு 75 லட்சம் பில் வரை தாங்கும் என்று சொன்னார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது மார்ச் 10 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் முடிவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காமல் படிப்படியாகப் போவது என்று தீர்மானித்தார்கள்.

ஏப்ரல் 1: மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு மட்டும் கட்டாயம். அது ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் சரக்குக் குறைவான நாள். அன்றே மாநிலத்துக்குள்ளேயும் தொடங்கிய ஒரே மாநிலம், ஏற்கெனவே பழகியிருந்த கர்நாடகம். ஏப்ரல் 15: ஆந்திரா, தெலங்கானா, கேரளா, குஜராத், உத்தரப் பிரதேசம். பிறகு மற்ற மாநிலங்கள் கொத்துக் கொத்தாக. தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 அன்றுதான் வந்தது, அதுவும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் என்ற வரம்போடு. இந்த முறை அமைப்பு நின்றது.

படிப்படியாப் போறதும் சும்மா கிடைக்கிறதில்லை, அதையும் சொல்லிடறேன். ரெண்டு மாசம் எங்க ஊர்ல ரெண்டு சட்டம். ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு பில் வேண்டாம், பொம்மசந்திராவுக்கு வேணும். டிரைவர்களுக்கு மண்டை காய்ஞ்சுது. ஆனா அந்தக் குழப்பத்துல எந்த வண்டியும் நாள் முழுக்க கேட்டுல நிக்கலை.

அதே ஏப்ரல், பிரிட்டனில்

இந்தியா படிப்படியாக நடந்துகொண்டிருந்த அதே 2018 ஏப்ரலில், பிரிட்டனில் டி.எஸ்.பி என்ற வங்கி நேர் எதிரான வழியில் போனது. பழைய தாய் நிறுவனமான லாய்ட்ஸின் கணினி அமைப்பிலிருந்து, புதிய முதலாளியான ஸ்பெயினின் சபாதெல் வங்கி கட்டிய அமைப்புக்கு, 52 லட்சம் வாடிக்கையாளர்களைக் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் மாற்றினார்கள். ஏப்ரல் 20 வெள்ளி தொடங்கி 22 ஞாயிறுக்குள் முடிக்கத் திட்டம்.

தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடம்தான் தாங்கவில்லை. மக்களால் லாகின் பண்ண முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. பின்னாளில் வந்த விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. புதிய அமைப்புக்கு இரண்டு டேட்டா சென்டர்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பி, ஒன்றில் மட்டுமே லோடு டெஸ்ட் செய்திருந்தார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

எவ்வளவு பணம், எவ்வளவு படிச்ச ஆட்கள்! ஆனா தப்பு என்னவோ எங்க பட்டறை பார்த்த அதே தப்புதான்: முழு லோடை முதல் தடவையா நிஜ நாள்லதான் ஏத்திப் பார்த்தது.

78 நிமிடம்

அடுத்தது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரப்படி காலை 9:39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. நிரலே மாறவில்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு விவரக் கோப்பு மட்டும்தான். அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத அந்த 21-ஆவதைப் படிக்கப் போய் விண்டோஸ் நீலத் திரையில் விழுந்தது.

78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்துவிட்டன. விழுந்த கணினிக்கு இணையம் வழியாக மருந்து அனுப்ப முடியாது. பெரும்பாலும் ஆள் போய் ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் இந்த வகைக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு கிரவுட்ஸ்ட்ரைக் மாறியது.

பேனா, பேப்பர்னு எல்லாரும் மீம் போட்டோம். எனக்கு சிரிப்பு வரலை. அன்னைக்கு விமானத்தை ஓட வச்சது அந்தப் பேனாதான்.

நானே செய்த தப்பு

மத்தவங்க தப்பையே சொல்லிட்டு இருந்தா நியாயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு தொழிற்சாலையோட டிஸ்பாட்ச் சாஃப்ட்வேரை அவங்க ஆபீஸ் சர்வர்ல இருந்து கிளவுடுக்கு மாத்துற டீம்ல இருந்தேன். எல்லாம் டெஸ்ட் பண்ணோம். எங்கே? பெங்களூரு ஆபீஸ்ல, அதிவேக இணையத்துல. தொழிற்சாலை கேட்டுல இருந்தது ஒரே ஒரு பிராட்பேண்ட் லைன். மாத்தின வாரமே ரோடு தோண்டி கேபிள் அறுந்தது. சர்வர் நல்லா இருக்கு, கிளவுட் நல்லா இருக்கு, ஆனா கேட்டுல ஒரு லேபிள்கூட பிரின்ட் ஆகலை. மூணு மணி நேரம் லாரி வரிசை கட்டி நின்னுது. கடைசியில செக்யூரிட்டி அண்ணா ஒரு நோட்டை எடுத்து வண்டி நம்பரை எழுதி அனுப்ப ஆரம்பிச்சார்.

பழைய சர்வரை நாங்க மாத்தின அன்னைக்கே அணைச்சிருந்தோம். அதுக்கப்புறம் நான் இருந்த எந்தத் திட்டத்துலயும் பழசை ஒரு மாசமாவது உயிரோட வைக்காம விட்டதில்லை. செலவு ஜாஸ்தின்னு மேனேஜர் கேட்பார். கேட்டுல நிக்கிற லாரியோட செலவு யார் கணக்குலன்னு நான் திருப்பிக் கேட்பேன்.

கற்றுக்கொண்ட பாடம்

இ-வே பில் கதை அங்கேயே முடியலை. அடுத்து இ-இன்வாய்ஸ் வந்தப்போ அரசு முதல்லேர்ந்தே படி வச்சுக் கட்டினது. 2020 அக்டோபரில் ஆண்டு விற்பனை 500 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்டில் 5 கோடி. மாமா மாதிரி ஆட்கள் கடைசி வரிசை. ஐ.டி டீம் வச்சிருக்கிற பெரிய கம்பெனிகள் முதல்ல அடி வாங்கிச் சரிபண்ணி முடிச்ச பிறகுதான் சின்னவங்க முறை வந்தது. 2018-ல எல்லார் மேலேயும் ஒண்ணா விழுந்த அடி, இந்தத் தடவை தாங்குற தோள்ல முதல்ல விழுந்தது. 2025 ஜூலை 1 முதல் இ-வே பில்லுக்கு இரண்டாவது போர்ட்டலும் வந்தாச்சு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணுல வேலை நடக்கும்.

எங்க அணையிலயும் இதே முறைதான். மழை காலத்துல தண்ணி ஏறினா கரையோர ஊர்களுக்கு முதல்ல எச்சரிக்கை போகும், அப்புறம் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டித் திறப்பாங்க. கீழே ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சவங்க செய்யுற வேலை அது. நம்மில் நிறையப் பேர் புரொடக்‌ஷன்ல பட்டனை அமுக்குற வேலையில இருக்கோம். அமுக்குறதுக்கு முன்னாடி, கீழே யார் இருக்காங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா போதும்.

இந்த எபிசோடுக்காக மாமாகிட்ட பேசப் போனேன். இப்போ எல்லாம் அவரே மொபைல்ல பில் போடுறார், என்னைக் கூப்பிடுறதில்லை. "பழைய டெலிவரி சலான் புக்கு இருக்கா மாமா?"ன்னு கேட்டேன். டிராயரைத் திறந்து காட்டினார். கார்பன் பேப்பரோட அப்படியே இருக்கு. "எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"நீ தானே மாப்ள சாஃப்ட்வேர் எழுதுற"ன்னார்.