ஏஎல்எச் 84001: செவ்வாயிலிருந்து வந்த ஒரு கல்லின் கதை

ஏறத்தாழ 409 கோடி ஆண்டுகளுக்கு முன், செவ்வாய்க் கோளின் தரைக்குக் கீழே பாறைக் குழம்பு ஒன்று ஆறி இறுகத் தொடங்கியது. அவசரமில்லாமல் ஆறியதால் அதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வளர்ந்தன. அந்தப் பாறையின் பெரும்பகுதி ஆர்த்தோபைராக்ஸீன் என்ற ஒரே கனிமம். அதிலிருந்து பிய்ந்து வந்த சுமார் 1.93 கிலோ எடையுள்ள துண்டுதான் நம் கதைநாயகன்.

409 கோடி என்பது எவ்வளவு பழமை என்பதற்கு ஒரு கணக்கு. கனடாவின் வடமேற்கில் உள்ள அகாஸ்டா நைஸ், பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. அதன் வயதே 400 கோடியைச் சற்றுத்தான் தாண்டும். அதற்கு முந்தைய பாறைகளை நம் பூமி பெரும்பாலும் விழுங்கிவிட்டது. கண்டத் தட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்று புதைந்து உருகுவதும், மழையும் ஆறும் மலைகளைக் கரைப்பதும் இங்கே ஓயாமல் நடக்கிற வேலை. செவ்வாயில் கண்டத் தட்டுகளின் நகர்வு இப்படி நடக்கவில்லை. அதனால் பழையவை பிழைத்தன. நம் கோளின் இளமைக்காலம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய அண்டை வீட்டுக் கல்லைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கல்லுக்கு 450 கோடி வயது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2010-இல் லுட்டீசியம், ஹாஃப்னியம் ஐசோடோப்புகளை அளந்துதான் 409 கோடிக்கு வந்தார்கள்.

கல்லின் இளமை அமைதியாகக் கழியவில்லை. பிறந்த பிறகு அருகில் ஏதோ பெரிய விண்கல் மோதியிருக்கிறது. கல்லுக்குள் விரிசல்களும் நொறுங்கிய பட்டைகளும் ஓடுகின்றன. பிறகு, சுமார் 390 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த விரிசல்களில் நீர் இறங்கியது. நீரில் கரைந்திருந்த கார்பன் டையாக்சைடு கல்லோடு வினைபுரிந்து, கார்பனேட் கனிமத்தை உருண்டை உருண்டையாகப் படியவைத்தது. மயிரிழைப் பருமனே உள்ள அந்த உருண்டைகள் ஆரஞ்சு நிறமானவை. கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய விளிம்புகள் அவற்றைச் சுற்றி ஓடுகின்றன. நுண்ணோக்கியின் கீழ் பார்க்க அவ்வளவு அழகு.

அந்த நீர் கொதிநீரா, குளிர்நீரா? கல்லில் ஒரு காலத்தில் உயிர் இருந்திருக்க முடியுமா என்பது அதைப் பொறுத்ததால், இந்தக் கேள்வி பல ஆண்டு சண்டைக்குக் காரணமாயிற்று. உயிர் வாழ முடியாத சூட்டில் கார்பனேட் உருவானது என்றார்கள் சிலர். கார்பன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான ஐசோடோப்புகள் கார்பனேட்டுக்குள் ஒன்றோடொன்று எந்த அளவுக்கு இணைசேர்ந்திருக்கின்றன என்பது, அது உருவான வெப்பநிலையைப் பொறுத்தது. கால்டெக் ஆய்வாளர்கள் 2011-இல் அதை அளந்து விடை சொன்னார்கள்: சுமார் 18 டிகிரி செல்சியஸ். இன்று சராசரியாகப் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி குளிரில் உறைந்து கிடக்கும் ஒரு கோளில், ஒரு காலத்தில், ஓரிடத்தில், 18 டிகிரியில் தண்ணீர் இருந்திருக்கிறது. இந்தக் கல்லைப் பற்றிய செய்திகளில் என்னை அதிகம் நெகிழவைப்பது இதுதான். பிற்பாடு உலகையே உலுக்கிய செய்தியைக்கூட இதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

அதற்குப் பின் ஒரு நீண்ட தூக்கம். செவ்வாயின் காந்தப்புலம் அணைந்தது, காற்று மெலிந்தது, நீர் உறைந்தது, மறைந்தது. கல் அப்படியே கிடந்தது. இந்தக் காலம் முழுவதும் கல்லுக்குள் ஒரு நினைவு அழியாமல் இருந்தது: அந்தத் தொல்பழங்காலத்துக் காந்தப்புலத்தின் பதிவு. செவ்வாய்க்கும் ஒரு காலத்தில் பூமியைப் போலவே கோள் தழுவிய காந்தப்புலம் இருந்தது என்பதற்கு இது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று.

சுமார் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்னொரு மோதல். இம்முறை கல் தரையில் தங்கவில்லை. செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்க ஒரு பொருள் விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் பெற வேண்டும். மோதிய இடத்திலேயே இருக்கும் பாறை அந்த அதிர்ச்சியில் உருகிவிடும், ஆவியாகிவிடும். ஓரத்தில், மேற்பரப்பை ஒட்டி இருப்பவை மட்டும் அவ்வளவு நசுங்காமல் வானத்துக்கு எகிறிவிடும். நம் கல் அப்படிப்பட்ட ஓரத்தில் இருந்தது. எறியப்பட்டபோது அதன் உட்பகுதி 40 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் பென்ஜமின் வைஸ் குழுவினர் நிறுவினார்கள். எப்படித் தெரிந்தது? அந்தப் பழைய காந்தப் பதிவை வைத்துத்தான். கல் சூடேறியிருந்தால் அது குலைந்திருக்கும், குலையவில்லை. கல்லுக்குள் ஏதேனும் நுண்ணுயிர் இருந்திருந்தால், இந்தப் பயணத்தில் வெப்பத்தால் அது செத்திருக்காது என்பது இதன் பொருள். ஒரு கோளின் உயிர் இன்னொரு கோளுக்குப் போய்ச் சேர முடியுமா என்ற கேள்வி இத்தகைய அளவீடுகளால்தான் கற்பனையிலிருந்து ஆய்வகத்துக்கு வந்தது.

விண்வெளியில் அதற்கு நடந்தது ஒன்றே ஒன்று. அண்டக்கதிர்கள் துளைத்தபடியே இருந்தன. அவை மோதும்போது கல்லுக்குள் ஹீலியம், நியான் போன்ற வாயுக்களின் சில ஐசோடோப்புகள் பிறக்கும். எத்தனை காலம் வெட்டவெளியில் அலைந்ததோ அத்தனைக்குச் சேரும். சேர்ந்ததை அளந்தால் பயணக்காலம் வந்துவிடும். சூரியனைச் சுற்றிச் சுற்றி, அதன் பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்து, ஒரு நாள் பூமியின் பாதையோடு குறுக்கிட்டது.

சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் அது அண்டார்ட்டிகாவில் விழுந்தது. கடைசிப் பனியுகம் முடிந்துகொண்டிருந்த காலம். காற்றுமண்டலத்தைக் கிழித்து வந்தபோது மேல்தோல் மட்டும் உருகிக் கறுத்த கண்ணாடிப் பூச்சானது. சில விநாடிகளே நீடித்த அந்தச் சூடு உள்ளே இறங்க நேரமில்லை. விழுந்த பின் பூமியின் காற்றுமண்டலம் அண்டக்கதிர்களைத் தடுத்துவிட்டதால், கல்லுக்குள் இருந்த கதிரியக்கக் கார்பன்-14 மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. 13,000 என்ற கணக்கு அதிலிருந்து வந்தது.

அண்டார்ட்டிகாவில் விழுந்தது நமக்குக் கிடைத்த பேறு. கடலில் விழுந்திருந்தால் காணாமல் போயிருக்கும். காட்டில் விழுந்திருந்தால் மட்கிய மண்ணோடு கலந்திருக்கும். பனிப்பரப்பில் விழும் கல்லின் மேல் பனி மூடுகிறது, மூடிய பனி இறுகுகிறது, இறுகிய பனிப்பாளம் கடலை நோக்கி மிக மெல்ல நகர்கிறது. வழியில் மலைத்தொடர் குறுக்கிட்டால் பாளம் அங்கே தேங்கி மேலெழுகிறது. உள்நாட்டிலிருந்து சரிந்து வீசும் வறண்ட காற்று அதன் மேற்பரப்பை ஆண்டுதோறும் தேய்க்கிறது. பனி காற்றோடு போய்விடும், கற்கள் போகாது. இப்படித்தான் நீலப் பனி வெளிகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் விண்கற்கள் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. 1969-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யமாட்டோ மலைகளின் அருகே ஒன்பது விண்கற்களை எடுத்தபோது இந்த ரகசியம் வெளிப்பட்டது. அதைக் கேள்விப்பட்ட வில்லியம் காசிடி, அமெரிக்கா சார்பில் ஆண்டுதோறும் விண்கல் தேடும் திட்டத்தை 1976-இல் தொடங்கினார்.

அந்தத் திட்டத்தின்படி பனிவண்டிகளில் போன ஒரு குழு, 1984 டிசம்பர் 27 அன்று ஆலன் குன்றுகளுக்கு மேற்கே உள்ள பனிவெளியில் இந்தக் கல்லைக் கண்டது. கண்டெடுத்தவர் ராபர்ட்டா ஸ்கோர், ஹூஸ்டனில் விண்கற்களைப் பேணும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நீலப் பனியின் மேல் அது விசித்திரமாகப் பச்சை நிறத்தில் தெரிந்தது. ஆய்வகத்தில் பிரித்தபோது சாதாரணச் சாம்பல் நிறம்தான்! ஆனாலும் பனிவெளியில் பார்த்த அந்த வேறுபாட்டை மதித்து, அந்தப் பருவத்தில் சேகரித்தவற்றில் முதலாவதாக இதற்கு எண் கொடுத்தார்கள். ஆலன் குன்றுகளின் ஆங்கிலச் சுருக்கம், 84 ஆண்டு, 001 முதல் கல்.

பிறகு ஒன்பது ஆண்டுகள் அது பிறர் பெயரில் வாழ்ந்தது. வெஸ்ட்டா என்ற சிறுகோளிலிருந்து வரும் டயோஜெனைட் வகைக் கற்களின் கூட்டத்தில் அதைச் சேர்த்துவிட்டார்கள். டயோஜெனைட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் மிட்டில்ஃபெல்ட், இதன் கனிமங்களில் சிறுகோளுக்குப் பொருந்தாத அளவு ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பைக் கண்டார். மற்றவர் ‘அளவீட்டுப் பிழை’ என்று தாண்டிப் போயிருக்கக்கூடிய இடம் அது. அவர் தாண்டவில்லை. 1993-இல் அவர் உண்மையைப் பிடித்தார். ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் ஆம் என்றன. செவ்வாய்க் கல்.

ஒரு கல் செவ்வாயிலிருந்து வந்தது என்று எப்படி அறிகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பீகாரில் கயைக்கு அருகே ஷெர்கட்டியில் 1865 ஆகஸ்ட் 25 அன்று ஒரு விண்கல் விழுந்தது. எரிமலைக் குழம்பு உறைந்ததுபோன்ற வினோதமான கல். செவ்வாய்க் கற்களின் மிகப் பெரிய வகை இன்றும் அந்த ஊரின் பெயரால் ‘ஷெர்கட்டைட்’ என்றே உலகம் முழுவதும் வழங்குகிறது. ஆனால் அவை செவ்வாயுடையவை என்பது நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அதன் காற்றை அளந்தன. அண்டார்ட்டிகாவில் கிடைத்த ஒரு ஷெர்கட்டைட்டின் கண்ணாடித் துளிகளுக்குள் சிறைப்பட்டிருந்த வாயுவை 1983-இல் அளந்தபோது, இரண்டும் ஒத்துப்போயின. அந்த ஒரு கல் தாய்வீட்டை அடையாளம் காட்ட, அதன் உறவுகள் எல்லாம் தெரியவந்தன.

இனி 1996. ஜான்சன் விண்வெளி மையத்தின் டேவிட் மெக்கே, எவரெட் கிப்சன், கேத்தி தாமஸ்-கெப்ர்டா, ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஜேர் உள்ளிட்டோர், இந்தக் கல்லில் செவ்வாயின் பழைய உயிரின் தடயம் இருக்கிறது என்று சொல்லி நான்கு சான்றுகளை முன்வைத்தனர். கார்பனேட் உருண்டைகள், அவற்றை ஒட்டிப் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்னும் கரிமச் சேர்மங்கள், பூமியில் சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் செய்துகொள்வதைப் போன்ற நுண்ணிய மேக்னடைட் படிகங்கள், மின்னணு நுண்ணோக்கியில் புழு வடிவில் தெரிந்த நுண்ணுருவங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் உண்டு, நான்கும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதற்கு எளிய விளக்கம் உயிர்தான் என்பது அவர்கள் வாதம். ஆகஸ்ட் 7 அன்று நாசா செய்தியாளர்களைக் கூட்டியது. அதே நாளில் அதிபர் பில் கிளின்டன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று இந்தக் கல்லைப் பற்றிப் பேசினார். சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது ஆகஸ்ட் 16-இல்தான். அந்தச் செய்தியாளர் கூட்டத்தில், பூமியின் மிகப் பழைய நுண்ணுயிர்ப் புதைபடிவங்களில் வல்லவரான வில்லியம் ஷாப்ஃப்பை மேடையிலேயே உட்கார வைத்து, இந்தச் சான்று போதாது என்று சொல்ல இடம் கொடுத்தார்கள். அது மிக உயர்ந்த செயல் என்றே எனக்குப் படுகிறது.

மறுப்புகள் அலையலையாக வந்தன. புழு உருவங்களில் பல 100 நானோமீட்டர் அளவே. ஓர் உயிரணுவுக்கு வேண்டிய மரபுப் பொருளும் புரதங்களும் அதற்குள் அடங்காது. நுண்ணோக்கிக்காகப் பூசும் உலோகப் பூச்சே இப்படிப்பட்ட வடிவங்களைத் தோற்றுவிக்கக்கூடும் என்றும் காட்டினார்கள். 13,000 ஆண்டுகள் பனியில் கிடந்ததால் பூமியின் கரிமப் பொருள்கள் உள்ளே கசிந்திருப்பதை 1998-இல் கார்பன்-14 ஆய்வும் அமினோ அமில ஆய்வும் நிறுவின. மேக்னடைட் வாதம்தான் அதிக நாள் தாக்குப்பிடித்தது. கார்பனேட்டைச் சூடாக்கினாலே அதைப் போன்ற படிகங்கள் உண்டாகும் என்று ஆய்வகத்தில் செய்துகாட்டியவர்களில் ஒருவர் கார்டன் மெக்கே. டேவிடின் உடன்பிறந்தவர், அதே மையத்தில் வேலை பார்த்தவர். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கல்லை வைத்து எதிரெதிர் முடிவுக்கு வந்து, இரண்டையும் அச்சில் ஏற்றினார்கள்.

டேவிட் மெக்கே 2013-இல் காலமானார். கடைசிவரை அவர் தம் கருத்தை விடவில்லை. அவர் தோற்றார் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1998-இல் நாசாவின் வானுயிரியல் கழகம் பிறந்ததில் இந்தக் கல்லுக்குப் பெரும் பங்குண்டு. உயிர் என்று சொல்ல எவ்வளவு சான்று வேண்டும், மாசு கலந்ததை எப்படிப் பிரிப்பது, எவ்வளவு சிறிய உயிர் சாத்தியம் என்பவற்றுக்கெல்லாம் கறாரான அளவுகோல்கள் இந்தச் சண்டையில்தான் உருவாயின. 

2022 ஜனவரியில் கார்னெகி நிறுவனத்தின் ஆண்ட்ரூ ஸ்டீல் குழு, கல்லில் உள்ள செவ்வாயின் கரிமப் பொருள்கள், 400 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரும் பாறையும் தமக்குள் வினைபுரிந்ததால் உயிரின் துணையின்றி உண்டானவை என்று காட்டியது. 1996-ஆம் ஆண்டுக் குழுவைச் சேர்ந்த தாமஸ்-கெப்ர்டாவும் சைமன் கிளெமெட்டும் இந்த முடிவு ஏமாற்றமளிப்பதாகச் சொல்லி மறுத்தார்கள். உயிரின் மூலப்பொருள்கள் உயிர் இல்லாமலே ஒரு கோளில் தயாராகும் என்று காட்டியதால், ஸ்டீலின் முடிவு எனக்கு ஏமாற்றமாகப் படவில்லை. பூமியில் உயிர் தொடங்குமுன் இதே வேதியியல் இங்கும் நடந்திருக்க வேண்டும். அதன் தடயம்தான் இங்கே அழிந்துபோயிற்று.

இப்போது பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெஸிரோ பள்ளத்தில் பாறைகளைத் துளைத்துக் குழாய்களில் அடைத்து வைத்திருக்கிறது. 2024-இல் அது எடுத்த ஒரு மாதிரியில் சிறுத்தைப்புள்ளி போன்ற கனிமத் திட்டுகள் இருந்தன. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, அதை உயிரின் தடயமாக ‘இருக்கக்கூடியது’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அந்தக் குழாய்களைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவு மிகுதியால் தடுமாறிற்று. அவை என்றாவது வந்து சேர்ந்தால், கனிமம் எத்தனை டிகிரியில் உருவானது, கரிமப் பொருள் எந்தக் கோளுடையது, வெறும் சூடும் நீரும் இதைச் செய்திருக்க முடியுமா என்று முதலில் கேட்பார்கள். மூன்றுமே ஏஎல்எச் 84001-இடம் கேட்ட கேள்விகள்.