வெள்ளை ஃபிளானல்: காந்தியின் முதல் லண்டன் நாட்கள்

சட்டம் படிப்பதற்காக ராஜ்கோட்டிலிருந்து புறப்பட்ட மோகன்தாஸ் காந்தி, லண்டனில் கழித்த முதல் நாட்களைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறார். முதலாவது, 1888 நவம்பரில், வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு. ஏறக்குறைய 120 பக்கங்கள் கொண்டிருந்த அதிலிருந்து உறவினர் சகன்லால் காந்தி படியெடுத்து வைத்த இருபது பக்கங்களே நமக்கு எஞ்சியுள்ளன. இரண்டாவது, 1925இன் இறுதியில் 'நவஜீவன்' இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவரத் தொடங்கிய 'சத்திய சோதனை'. நாட்குறிப்பை எழுதியவருக்கு வயது பத்தொன்பது. சுயசரிதையைத் தொடங்கியவருக்கு ஐம்பத்தாறு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. சிற்றூரிலிருந்து வருபவனுக்குப் பெருநகரம் நேரடியாக அறிமுகமாவதில்லை. உடன் வந்தவர்கள், முன்பே வந்து காத்திருப்பவர்கள் ஆகியோரின் முகங்களில்தான் அவன் அதை முதலில் படிக்கிறான். அவர்களுடைய சிரிப்பும் கோபமும் பாசாங்கும்தான் அவனுக்கு அந்நகரத்தின் அரிச்சுவடி.

காந்தி அதுவரை கண்டிருந்த நகரங்கள் மிகச் சில. மெட்ரிகுலேஷன் தேர்வுக்காக அகமதாபாத், சில மாதக் கல்லூரிப் படிப்புக்காகப் பாவ்நகர், கப்பலுக்காகக் காத்திருந்தபோது பம்பாய். தாயிடம் மது, மங்கை, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்திருந்தார். கடல் கடக்க முனைந்ததற்காகச் சாதிப் பஞ்சாயத்து அவரை விலக்கி வைத்திருந்தது. 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயிலிருந்து கிளம்பிய 'கிளைட்' கப்பலில் அவருடைய அறைத்தோழர் ஜுனாகத் வக்கீல் த்ரியம்பக்ராய் மஜ்மூதார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். எல்லோரோடும் கூச்சமின்றிக் கலந்து பழகினார். காந்தியோ கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் துணியாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள்ளேயே உண்டு பயணத்தை முடித்தார். வக்கீலாக விரும்புகிறவனுக்கு நாக்கு நீளமாக இருக்க வேண்டும் என்று மஜ்மூதார் சொல்லிப் பார்த்தார், பயனில்லை.

கரையிறங்கிய நாள் செப்டம்பர் 29, சனிக்கிழமை. சுயசரிதை இறங்குதுறையைச் சௌதாம்ப்டன் என்கிறது. நாட்குறிப்பு டில்பரியைச் சொல்கிறது. ஆய்வாளர்கள் நாட்குறிப்பையே ஏற்கிறார்கள். நாற்பதாண்டு இடைவெளியில் துறைமுகத்தின் பெயர் மறந்துபோயிற்று. ஆனால் அன்று அணிந்திருந்த உடை மறக்கவில்லை. இறங்கும் நாளுக்கென்று நண்பர்கள் தைத்துக்கொடுத்த வெள்ளை ஃபிளானல் உடையை அவர் பயணம் முழுவதும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கப்பலில் கறுப்பு, கரையில் வெள்ளை. வெள்ளைதான் மதிப்பாக இருக்கும் என்பது ராஜ்கோட்டின் கணக்கு. செப்டம்பர் கடைசியில், குளிர் தொடங்கிவிட்ட இங்கிலாந்தில், அந்தக் கூட்டத்திலேயே வெள்ளை உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான். உடனே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. மற்றவர்கள் செய்ததைப் பார்த்து, பெட்டிகளையும் சாவிகளையும் கிரிண்ட்லே கம்பெனியின் முகவரிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார். மறுநாள் ஞாயிறு, சாமான்கள் வராது என்பது விடுதிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஆக, ஊர் நண்பர்கள் அன்போடு அளித்த உடையே லண்டனில் அவருக்கு முதல் அவமானமாயிற்று.

கப்பலில் யாரோ சொன்ன யோசனைப்படி அவர்கள் சென்ற விக்டோரியா ஹோட்டல், டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டிய நார்தம்பர்லேண்ட் அவென்யூவில் முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த மாபெரும் விடுதி. இங்குதான் இரண்டு பதிவுகளும் பிரிகின்றன. சுயசரிதையில் விடுதிக்குள் நுழைபவர்கள் இருவர்: காந்தியும் மஜ்மூதாரும். நாட்குறிப்பில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கப்பலில் முதல் வகுப்பில் வந்த அப்துல் மஜீத். அவருக்குத் தம்மைப் பற்றி உயர்வான எண்ணம். வண்டிக்காரனுக்கு நியாயமான கூலியைக் கொடுத்துவிடும்படி வாயிற்காவலனுக்கு உத்தரவிடுகிறார். ஆனால் அவர் அணிந்திருந்த உடை அந்தக் காவலனுடையதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்று இளைஞர் காந்தி குறித்துவைக்கிறார். மூட்டை முடிச்சுகளைத் திரும்பியும் பாராமல், பல காலம் லண்டனில் வாழ்ந்தவர்போல் மஜீத் உள்ளே நடக்கிறார். இரண்டாவது மாடியில் அறை வேண்டுமா என்று மேலாளர் கேட்க, வாடகை என்னவென்று விசாரிப்பது கௌரவத்துக்குக் குறைவு என்றெண்ணிச் சரி என்கிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் என்று சீட்டு வருகிறது. காந்தி தமக்குள் சிரித்துக்கொள்கிறார்.

அடுத்து அவர் முறை. உடன் வந்த பையன் எதையோ தொடுகிறான். கதவின் பூட்டு என்று நினைக்கிறார். அது மின்தூக்கியை அழைக்கும் மணி. கதவு திறக்கிறது, சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய அறை போலும் என்று எண்ணி உள்ளே போகிறார். அந்த அறை அவரை இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோய்விடுகிறது.

இந்த மின்தூக்கியும் மஜீத்தும் சுயசரிதையில் இல்லை. வாசகனுக்கு இது ஒரு இழப்புதான். நகைச்சுவை மிக்க அக்காட்சியை வேறு எந்தச் சுயசரிதைக்காரரும் விட்டிருக்கமாட்டார். ஐம்பத்தாறு வயதுக்காரர் தம் பேதைமையைச் சொல்லும் இடத்தில் இன்னொருவரின் பகட்டைக் காட்டிச் சிரிக்க விரும்பவில்லை என்று கொள்ளலாம். பத்தொன்பது வயதுக்காரருக்கோ அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிக்கும் நண்பர் ஒருவர் அருகில் இருந்தால், ஒன்றும் தெரியாதவனுக்குச் சற்றே மூச்சு விட முடிகிறது. புதிய நகரத்தில் எல்லோருக்கும் ஒரு மஜீத் தேவைப்படுகிறார்.

அன்றிரவு எட்டு மணிக்கு வந்தவர் வேறு வகை. டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா மோர்பியைச் சேர்ந்தவர். காந்தியைவிட ஐந்து வயது மூத்தவர். பம்பாயில் மருத்துவம் முடித்து மேற்படிப்புக்காக வந்திருந்தவர். காந்தி கொண்டுவந்த நான்கு அறிமுகக் கடிதங்களுள் ஒன்று அவருக்கானது. அவர் ஃபிளானல் உடையைப் பார்த்துப் புன்னகைத்தார். பேச்சுக்கிடையே காந்தி அவருடைய பட்டுத்தொப்பியைக் கையிலெடுத்து, அதன் வழவழப்பை அறிவதற்காக எதிர்ப்புறமாகத் தடவிவிட்டார், மென்மயிர் கலைந்துபோயிற்று. மேத்தாவின் முகம் மாறியது. தொடர்ந்தது முதல் பாடம்: பிறர் பொருளைத் தொடாதே. முதல் சந்திப்பிலேயே நம் ஊரில் கேட்பதுபோல் எல்லாவற்றையும் கேட்காதே. உரக்கப் பேசாதே. பேச்சுக்குப் பேச்சு 'சார்' போடாதே. இங்கே வேலைக்காரர்கள்தான் எஜமானர்களை அப்படி அழைப்பார்கள்.

கூர்ந்து பார்த்தால் இந்த நான்கும் நம் ஊர்களில் குற்றங்களே அல்ல. நண்பனின் பொருளைத் தொட்டுப் பார்ப்பது உரிமை. ஊரையும் உறவையும் விசாரிப்பது அக்கறை. உரக்கப் பேசுவது ஒளிவுமறைவின்மை. மூத்தவரை மரியாதையோடு விளிப்பது பண்பு. சிற்றூரின் நற்குணங்கள் அனைத்தையும் ஒரே இரவில் தவறுகளின் பட்டியலாக மாற்றித் தருவதுதான் பெருநகரத்தின் முதல் வேலை. அதை ஓர் அந்நியன் செய்திருந்தால் காயம் ஆறியிருக்காது. ஊர்க்காரர், அதுவும் அன்புள்ளவர் செய்ததால் பாடமாயிற்று.

அந்த இரவு முடிவதற்குள், ஞாயிறு அதிகாலையில், விடுதியிலிருந்து கிழக்கே இரண்டு மூன்று மைல் தொலைவில், ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு பெண்கள் கொலை செய்யப்பட்டார்கள். 'ஜாக் தி ரிப்பர்' என்று உலகம் இன்றும் பேசும் கொலைத் தொடரில் அது நடு இரவு. நகரமே திகிலில் இருந்தது. சத்திய சோதனையில் இதன் சுவடே இல்லை. அதுவரை செய்தித்தாள் படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. லண்டன் அந்த ஞாயிற்றுக்கிழமை எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததோ, அந்த லண்டனில் அவர் இன்னும் நுழையவில்லை. அவருடைய லண்டன் ஓர் அறையும், ஒரு வெள்ளை உடையும், தின்ன முடியாத உணவும்தான்.

திங்களன்று சாமான்கள் வந்தன. மால்டாவிலிருந்து கப்பலில் உடன் வந்த சிந்தி நண்பர் ஒருவர் வாடகை அறை பார்த்துக் கொடுத்தார். விடுதிக்கணக்கு மூன்று பவுண்டு. அறை வாடகை அதில் சிறுபகுதியாகவே இருந்திருக்க வேண்டும். ஒன்று பிடிக்கவில்லையென்று இன்னொன்றைக் கேட்க, இரண்டுக்கும் விலை கொடுக்க நேர்ந்தது, அப்படியும் பட்டினிதான். அடுத்த ஆண்டு லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்ட அந்தக் கூலியில் மூன்று பவுண்டு என்பது 120 மணி நேர உழைப்பு.

புதிய அறையில் இரவுகளில் வீட்டை நினைத்து, தாயை நினைத்து அழுதார். யாரிடமும் சொல்ல முடியாத அழுகை அது. தேதியை எண்ணிப் பார்த்தால், அறை மாறியதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 2. அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்த நாள். அதைப் பற்றிச் சுயசரிதை ஒரு சொல்லும் கூறவில்லை.

விடுதியில் தேடி, புதிய முகவரியைக் கண்டுபிடித்து வந்த மேத்தா, கப்பலின் உப்புநீர்க் குளியலால் காந்திக்கு வந்திருந்த படர்தாமரைக்கு மருந்து கொடுத்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துத் தலையசைத்தார். இங்கே நாம் வருவது படிப்பைவிட இந்நாட்டு வாழ்க்கையை அறிவதற்காக. ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அதற்கு முன் நண்பர் ஒருவரிடம் பயிற்சி பெற வேண்டும் என்றார். ரிச்மண்டில் இருந்த அந்த நண்பரின் பெயரைச் சுயசரிதை சொல்லாமல் விடுகிறது. அவர் காந்தியைத் தம்பிபோல் நடத்தினார். ஆங்கில நடைமுறைகளைக் கற்பித்தார். மாமிசம் உண்ணச் சொல்லி நாள்தோறும் வாதாடினார். படிப்பறிவற்ற தாயிடம் செய்த சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். பெந்தாமைப் படித்துக் காட்டினார். காந்தி பெந்தாம் புரியவில்லை என்றும், சத்தியத்தை மீற முடியாது என்றும் சொன்னார்.

பின்பு ஒருமுறை அந்நண்பர் நாடகத்துக்கு அழைத்துச் செல்லும் வழியில் ஹோல்பர்ன் உணவகத்தில் விருந்தளித்தார். சூப்பில் மாமிசம் உண்டா என்று காந்தி பரிமாறுபவரை அழைத்துக் கேட்கப்போக, நாகரிக சமூகத்துக்கு நீ லாயக்கில்லை, வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுக் காத்திரு என்று கடிந்துகொண்டார். காந்தி மகிழ்ச்சியோடு வெளியேறினார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தது. பட்டினியோடு நண்பருடன் நாடகம் பார்த்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, நட்பும் குறையவில்லை. நண்பர்கள் கற்பிக்கும் நகரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்த மாலை காட்டுகிறது. அந்த எல்லையில் பகைமையின்றி நிற்க முடியும் என்பதையும் அது காட்டுகிறது.

தமக்கான லண்டனை அவர் தனியாகத்தான் கண்டுபிடித்தார். பிறகு வெஸ்ட் கென்சிங்டன் வீடொன்றில் தங்கியிருந்தபோது, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தின் முன் நின்றார். கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களில் ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். தாய்க்காகக் காத்த நோன்பு அந்நூலுக்குப் பிறகு தம்முடைய கொள்கையாயிற்று. எந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி நண்பர் மன்றாடினாரோ, அதே வழக்கத்தைக் கொண்டாடும் ஆங்கிலேயர்கள் அந்த நகரத்திலேயே இருந்தார்கள். நண்பர்கள் அறிந்த லண்டனில் அந்தத் தெரு இருக்கவில்லை.

முதல் இரவின் ஆசிரியருக்கு என்ன ஆயிற்று? மேத்தா பின்னர் ரங்கூனில் வாழ்ந்தார். காந்தியின் பணிகளுக்குப் பல்லாண்டுகள் பொருள் தந்து தாங்கினார். 1909இல் இருவரும் மீண்டும் லண்டனில் சந்தித்துப் பல நாட்கள் விவாதித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் கோகலேக்கு எழுதிய கடிதத்தில் மேத்தா தம் நண்பரைக் குறிக்க 'மகாத்மா' என்ற சொல்லைக் கையாண்டார். அதே மாதம் தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். அந்நூலை மேத்தாவுக்காகவே எழுதியதாகப் பின்னாளில் சொன்னார். நூலில் கேள்வி கேட்பவர் ஒருவர். பதில் சொல்பவர் ஒருவர். இம்முறை நாகரிகம் என்றால் என்ன என்று விளக்கியவர், இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் பட்டுத்தொப்பியைத் தவறான பக்கமாகத் தடவியவர்.