ஓடை வெள்ளமும் உள்ளாட்சி வரையும் கோடும்: டல்சா நகரின் மிங்கோ ஓடையை முன்வைத்து

பேராறுகளின் வெள்ளத்தைப் பற்றிய ஆய்வும் திட்டமும் எங்கும் மிகுதி. நகருக்குள்ளேயே ஓடும் சிற்றோடைகளின் வெள்ளம் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. ஆற்று வெள்ளம் நாள்கணக்கில் திரண்டு வருவதால் அணைக்கும் முன்னறிவிப்புக்கும் இடம் தருகிறது. ஓடை வெள்ளமோ மழை கொட்டிய சில மணி நேரத்திலேயே கரைபுரண்டு விடுகிறது. ஓடையில் சேரும் நீரின் அளவையும் வேகத்தையும் மழையோடு சேர்ந்து தீர்மானிப்பது, அதன் வடிநிலத்தில், அதாவது மழைநீர் வழிந்து அவ்வோடைக்கு வரும் நிலப்பரப்பு முழுவதிலும், எவ்வளவு மண் கூரையாலும் தாராலும் மூடப்பட்டிருக்கிறது என்பதாகும். மண்ணை மூட அனுமதி தருவது உள்ளாட்சி. ஆகவே ஓடை வெள்ளத் தடுப்பு பொறியியல் பணியாவதற்கு முன்பே நில அனுமதி பற்றிய முடிவாகிறது என்பதற்கு அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்திலுள்ள டல்சா நகரம் தெளிவான சான்று.

ஆர்க்கன்சாஸ் ஆற்றங்கரையில் அமைந்த டல்சாவுக்கு மேற்கே 1964இல் கீஸ்டோன் அணை நிறைவுற்றபோது வெள்ள அச்சம் ஒழிந்ததென்ற எண்ணம் வலுப்பட்டது. ஆனால் நகரின் கிழக்குப் பகுதியில் ஓடும், ஏறத்தாழ 61 சதுர மைல் வடிநிலமுடைய மிங்கோ ஓடைக்கும் அந்த அணைக்கும் தொடர்பே இல்லை. அவ்வோடையின் தாழ்நிலங்களில் வீட்டுமனைகள் பெருகின. தடுப்புக் கட்டுமானங்களை மட்டும் நம்பும் கொள்கை போதாது, வெள்ளநிலத்தை மனிதர் பயன்படுத்தும் முறையே மாற வேண்டும் என்று புவியியலாளர் கில்பர்ட் வைட் 1945இல் வெளிவந்த தம் ஆய்வில் வாதிட்டிருந்தார். அக்கருத்து டல்சாவின் நகர மன்றத்தை எட்ட நெடுங்காலமாயிற்று. 1974இலும் 1976இலும் ஓடைகள் பெருகின; 1976 வெள்ளத்தில் மூவர் இறந்தனர்; அதன்பின் வெள்ளநிலத்தில் புதிய கட்டடங்களுக்குத் தற்காலிகத் தடை வந்தது. எனினும் ஏற்கெனவே கட்டப்பட்டவை அங்கேயே இருந்தன. 1984 மே 26 இரவு தொடங்கிய மழை 14 உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஏறத்தாழ 7,000 கட்டடங்கள் சேதமுற்றன.

இவ்வெள்ளங்களை அடுத்து நகரம் செய்தவற்றுள் ஆழ்ந்து நோக்கத் தக்கது ஒரு கோடு. எந்த ஓர் ஆண்டிலும் நிகழ நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தை நூற்றாண்டு வெள்ளம் என்பர். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று அதற்குப் பொருளில்லை. அந்த வெள்ளம் எதுவரை ஏறும் என்று வரைபடத்தில் இடும் எல்லைக்கோட்டைப் பொறுத்தே கட்டட அனுமதி அமைகிறது. கூட்டாட்சி அரசின் காப்பீட்டு வரைபடங்கள் வடிநிலம் இன்றிருக்கும் நிலையை வைத்துக் கணக்கிடுகின்றன. மேற்பகுதியில் ஒரு வயல்வெளி வாகன நிறுத்தமாக மாறியதும் கீழ்ப்பகுதியில் அந்தக் கோடு பொய்யாகி, முறைப்படி அனுமதி பெற்றுக் கட்டிய வீடும் வெள்ளத்துக்குள் வந்துவிடுகிறது. டல்சா வேறு வழியை மேற்கொண்டது: வடிநிலம் முழுவதும் கட்டடமாகிவிட்டதென வைத்துக்கொண்டு, அந்த நாளின் வெள்ளத்துக்கு இன்றே கோடு வரைந்தது. இதனால் தாழ்நில உரிமையாளர் பலர் மனை விற்கும் வாய்ப்பை இழக்கின்றனர். இழப்பு கண்முன் நிற்கிறது, பயனோ பின்னாளில் வருகிறது. தேர்தலைச் சந்திக்க வேண்டிய மன்றத்துக்கு இது எளிய முடிவன்று. இதைத் துணிந்து எடுத்ததே டல்சாவின் உண்மையான சாதனை.

பிற பணிகள் இக்கோட்டின் வழி வந்தவையே. 1984 வெள்ளத்துக்குப்பின் ஏறத்தாழ 300 வீடுகளும், 228 இடங்கள் கொண்ட நகரும் வீட்டுக் குடியிருப்பு ஒன்றும் அகற்றப்பட்டன. ஓடையை நேராக்கிக் கான்கிரீட் பூசினால் நீர் விரைந்து சென்று கீழுள்ளோரைத் தாக்கும் என்பதால், வழியிலேயே நீரை நிறுத்தி மெல்ல விடும் தேக்கிடங்கள் தோண்டப்பட்டன. இவற்றுள் பல மழையில்லாத நாளில் புல்வெளிகளே. அவற்றின் அடித்தளத்தில் கால்பந்து ஆடுகிறார்கள். பெருமழையின்போது ஆடுகளத்தின்மேல் நீர் ஏறி நின்று, குறுகிய குழாய் வழியே ஓடையின் கொள்ளளவுக்கேற்ப வெளியேறுகிறது.

1986இல் மழைநீர்க் கட்டணம் தொடங்கியது. சொத்தின் மதிப்பைப் பாராமல், மனையில் நீர் புகாத பரப்பை அளந்து 2,650 சதுர அடியை ஓர் அலகாகக் கொள்ளும் கட்டணம் இது. வெள்ளத்தைப் பெருக்குபவர் பெருக்கும் அளவுக்குச் செலுத்துகிறார் என்பதால் நியாயமும் உடையது. கால்வாய் வெட்ட மானியம் கிடைத்தாலும் தூர்வாரக் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் நிலையான வருவாய் இல்லாத இடத்தில் தேக்கிடம் சில ஆண்டுகளிலேயே வண்டலால் மேடாகிவிடும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. வீட்டை வாங்கி அகற்றும்போது உரிமையாளருக்கு விலை கிடைக்கிறது. வாடகை இடத்தில் வாழ்பவருக்கு அவ்வாறு இல்லை. தாழ்நிலத்தில் வாடகை குறைவென்பதாலேயே ஏழைகள் அங்குக் குடியேறுகின்றனர் என்பதைத் திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும். மிங்கோவின் வடிநிலம் பெரும்பாலும் ஒரே நகருக்குள் அடங்கியது டல்சாவின் நல்வாய்ப்பு; எல்லா இடத்திலும் அவ்வாறில்லை. கலிபோர்னியாவின் ரோஸ்வில் நகரை வெள்ளத்தில் ஆழ்த்திய ட்ரை கிரீக் ஓடை லூமிஸ், ராக்லின் ஆகிய அண்டை ஊர்களின் மழைநீரையும் கொண்டு வருகிறது. அங்கு ஒரு நகரம் மட்டும் கோடு வரைந்து பயனில்லை, மேலூர்களின் அனுமதிகளும் அதே கணக்குக்கு உட்பட வேண்டும். மேலும், முழுதும் கட்டடமான வடிநிலம் என்ற கணிப்பு நிலத்தின் மாற்றத்தை மட்டுமே முன்னுணர்கிறது. மழையளவைப் பழைய பதிவுகளிலிருந்தே எடுத்துக்கொள்வதால், வானிலை மாறிவரும் காலத்தில் அந்த மழைப் பட்டியலையும் குறித்த கால இடைவெளியில் திருத்தி, கோட்டை மறுபடி வரைவதை உள்ளாட்சியின் சட்டக் கடமையாக்க வேண்டியுள்ளது.