பர்னாந்து: ஒரு பெயர், இரு மொழிகள்

இலங்கை பற்றிய செய்தியொன்றில் 'பெர்னாண்டோ' என்ற பெயர் கண்ணில் பட்டவுடன் அவர் சிங்களவர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். தூத்துக்குடியிலோ மணப்பாட்டிலோ இருந்து அதே பெயர் வருமானால் தமிழர், மீனவர், கத்தோலிக்கர் என்று அடுத்த முடிவு. பெயரைக் கொண்டு இனம் அறியும் பழக்கம் நம்மிடம் அவ்வளவு ஊறியிருக்கிறது. ஆனால் இந்தப் பெயர் அவ்வாறு பயன்பட மறுப்பது. தன்னைச் சூடியவர் எந்த மொழியில் தாலாட்டப்பட்டார் என்பதை அது சொல்வதில்லை. அவருடைய முன்னோருள் ஒருவர் கடற்கரையொன்றில் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் முன் தலை குனிந்து நின்றார் என்பதை மட்டும் சொல்லும். அதுவும் பெரும்பாலும்தான்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். நாம் இன்று எழுதும் 'பெர்னாண்டோ' ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே வந்தது. முத்துக்குளித்துறையின் பழைய வழக்கு 'பர்னாந்து'. சிங்களத்தில் எழுதுவது 'ப்ரனாந்து'. படித்தவர் பலர் இவ்விரண்டையும் கொச்சை என்று கருதுவர். உண்மை நேர்மாறானது. போர்ச்சுக்கீசியர் சொல்லிறுதி ஓகாரத்தை உகரம்போல ஒலிப்பர். அவர்களுடைய 'ட'வும் பல்லில் நாப்பட்டு எழும் 'த'வே. ஆகவே அந்தக் கப்பல்காரன் வாயிலிருந்து வந்த ஒலிக்கு அருகில் நிற்பது கரையில் இருந்தவர்களின் 'பர்னாந்து'தான். ஏட்டுப் படிப்பின் 'பெர்னாண்டோ' தொலைவில் நிற்கிறது. தமிழும் சிங்களமும் தனித்தனியே கேட்டு, ஏறத்தாழ ஒரே வடிவில் எழுதி வைத்துக்கொண்ட சொல் இது. போர்ச்சுக்கல்லில் 'பர்னாந்து' என்பது ஆளின் பெயர். அவன் மகன் வழியினர்க்கு உரிய குடும்பப் பெயர் 'பர்னாந்தஸ்'. கடல் தாண்டி வந்தபோது ஆளின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் இரண்டு வடிவங்களும் வழங்குகின்றன. இலங்கையில் பெருவழக்கு முன்னதே.

பெயர் வந்த வரலாறு பக்தியின் வரலாறாகத் தொடங்கவில்லை. 1530களில் முத்துக்குளிக்கும் உரிமை பற்றிப் பரதவர்க்கும் முஸ்லிம் வணிகர்க்கும் கடும் பகை மூண்டது. குதிரை வணிகரான ஜுவாம் த குரூஸ் என்பார் வழிகாட்ட, பரதவர் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குச் சென்று போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டது. பாதுகாப்புக்கு விலை திருமுழுக்கு. 1536, 1537 ஆகிய ஆண்டுகளில் முத்துக்குளித்துறையில் ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராக முழுக்குப் பெற்றனர். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து சேர்ந்தபோது அவர் கண்டது பெயரளவில் கிறித்தவர்களான மக்களையே. முழுக்களித்துக் களித்துத் தம் கை சோர்ந்துவிட்டதாக அவர் கடிதம் எழுதியிருக்கிறார். முழுக்கின்போது ஞானத்தந்தையாக நின்ற போர்ச்சுக்கீசியரின் பெயரைச் சூட்டுவது வழக்கம். கொடுப்பதற்குக் கைவசம் இருந்த பெயர்களோ சில. கரை நெடுகிலும் பர்னாந்து, குரூஸ், ரொட்ரிகோ, கொரைரா, மிராந்தா என்று பத்திருபது பெயர்களே மீண்டும் மீண்டும் வருவதன் காரணம் அது.

வாங்கிய பெயரோடு அம்மக்கள் தமிழை விட்டுவிடவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அண்டிரிக் பாதிரியாரின் உழைப்பு. அதற்குப் பொருள் தந்தவர்கள் பரதவர்கள். இந்திய மொழியொன்றில் அதன் சொந்த எழுத்திலேயே இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல்கள், அந்நிய நாட்டுப் பெயர்களைத் தாங்கிய மீனவர்களின் காசில் பிறந்தன.

இலங்கைக் கரையில் கதை சற்றே வேறு. கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் கிறித்தவனாகி 'தொம் ஜுவாம்' என்ற பெயரை ஏற்றான். பிரான்சிஸ்கன் துறவிகள் மேற்குக் கரையெங்கும் பணி செய்தனர். கராவ என்றழைக்கப்படும் கடற்கரை மக்கள் தம் தலைவர்களைப் பின்பற்றிக் கூட்டம் கூட்டமாக முழுக்குப் பெற்றனர். அத்தலைவர்களைப் போர்ச்சுக்கீசிய ஆவணங்கள் 'பட்டங்கட்டிம்' என்று குறிக்கின்றன, நம் 'பட்டங்கட்டி'தான். முத்துக்குளித்துறையிலும் தலைவர்க்கு அதே பட்டம். சிங்களத்தில் அதே பொருளில் 'பட்டபெந்தி' என்று வழங்குகிறது. இதற்கிடையே 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்ச்சுக்கீசியர், புன்னைக்காயல் பரதவரைக் கொண்டுபோய் அங்கே குடியேற்றினர். ஆக, ஒரே பெயர்த்தொகுதி இரு கரைகளிலும் விதைக்கப்பட்டது. நடுவே ஆட்களும் போய்வந்துகொண்டிருந்தனர்.

பர்னாந்து என்ற பெயர் எங்கும் நிறைந்துவிட்டதால், சிங்களர் தம்முள் வேறுபாடு அறிய 'கே' என்று முடியும் இல்லப் பெயரை முன்னே வைத்துக்கொள்கின்றனர். நாம் விரும்பி நின்று பார்க்க வேண்டிய இடம் இது. கிரிக்கெட் வீரர் சமிந்த வாஸின் முழுப்பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். ஒரே பெயருக்குள் குலப்பெருமை, பட்டங்கட்டிய முன்னோர், விவிலியத்து ஜோசப், சிங்களத் தனிப்பெயர், இறுதியில் போர்ச்சுக்கல்! வேகப்பந்து வீச்சாளர் விஷ்வ பெர்னாண்டோவின் இல்லப் பெயர் 'முத்துதந்திரிகே' என்று தொடங்குகிறது. நுவன் பிரதீப் என்று நாம் அறிந்த நீர்கொழும்புக்காரரும் முழுப்பெயரில் பெர்னாண்டோவே. குருகுலசூரிய என்ற இல்லப் பெயரைச் சிங்களக் கராவரிடையே காணலாம். குருகுலத்தவர் என்ற உரிமையைத் தமிழ்க் கரையாரும் பாராட்டுவர். பாரதத்துக் குருகுலம் மெய்யோ புனைவோ, புனைவாயினும் இருவரும் ஒரே புனைவையே தேர்ந்தெடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. காஞ்சியிலிருந்தும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் படையாக வந்தோம் என்று கூறும் 'முக்கர ஹட்டன' என்னும் சிங்கள ஏடு இந்தக் கரையிலேதான் பேணப்பட்டது.

1911இல் நடந்த ஒரு தேர்தல் இப்பெயரின் இன்னொரு முகத்தைக் காட்டும். இலங்கைச் சட்டசபையில் 'படித்த இலங்கையர்'க்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. வாக்காளர் மூவாயிரத்துக்கும் குறைவு. போட்டியிட்டவர் இருவர்: சேர் பொன்னம்பலம் இராமநாதன், நீர்கொழும்பைச் சேர்ந்த மருத்துவர் மார்க்கஸ் பெர்னாண்டோ. வாக்காளருள் சிங்களவரே மிகுதி. வென்றவரோ இராமநாதன். கொவிகம உயர்குடியினர் பலர் கராவ மருத்துவரைவிட வேளாளத் தமிழரே மேல் என்று கருதினர். மொழி பின்னுக்குப் போய்ச் சாதி முன்னே நின்ற தருணம். இதை இன நல்லிணக்கத்தின் பொற்காலம் என்று சிலாகித்து எழுதுவோரைக் காண்கிறோம். நமக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. தோற்ற மருத்துவரின் பெயர் இன்று கொழும்பில் ஒரு வீதிக்கு இருக்கிறது.

அதே காலத்தையொட்டிப் பறங்கிப் பெயர்களைக் களையும் இயக்கமும் எழுந்தது. தொன் டேவிட் ஹேவாவிதாரண அநகாரிக தர்மபாலராகியிருந்தார். நாடக மேதை சரச்சந்திரர் பிறந்தபோது இட்ட பெயர் யூஸ்டஸ் ரெஜினால்ட் டி சில்வா. தமிழ்ப் பக்கத்தில் சேவியர் ஸ்தனிஸ்லாஸ் தனிநாயகம் அடிகளானார். இந்தக் காற்றிலும் பர்னாந்துகளிற் பெரும்பாலோர் அசையவில்லை. 'பின்சிது வன்னே' பாடிய சி. டி. பெர்னாண்டோ (1921–1977) அப்பெயருடனேயே சிங்கள மெல்லிசையின் முதற்குரல்களுள் ஒருவரானார். கத்தோலிக்கக் கடற்கரை வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கிய பாட்ரிக் பெர்னாண்டோ (1931–1982) நம் இதழ்களில் இன்னும் பேசப்படாத கவிஞர். மீனவன் ஒருவனை இழந்த மனைவியின் குரலில் அவர் எழுதிய கவிதையை நெய்தல் திணை அறிந்த தமிழ் வாசகர் படித்தால் அந்நியமாக உணரமாட்டார். தம் இரு மைந்தர் பெயரைச் சேர்த்து 'டில்மா' தேயிலை கண்ட மெரில் பெர்னாண்டோ (1930–2023) நீர்கொழும்பு அருகே பிறந்தவர். எதிர்க்கரையில், தூத்துக்குடி நகராட்சித் தலைவராகப் பலமுறை இருந்து வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்தை அவ்வூரார் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர்.

இனி, மொழி மாறிய கதை. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையுள்ள கரையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழ் பரவலாகப் பேசப்பட்டது. செபமும் பாடலும் தமிழில் நிகழ்ந்த ஊர்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை இன்று சிங்கள ஊர்கள். எட்மண்ட் பீரிஸ் சிலாபம் ஆயராக இருந்த காலத்தில் (1940–1972) கத்தோலிக்கப் பள்ளிகள் சிங்கள வழிக்கு மாறின. 1956இன் ஆட்சிமொழிச் சட்டம் எஞ்சிய தயக்கத்தையும் போக்கியது. இதைத் திருட்டு என்று தமிழில் எழுதுவோர் உண்டு. இயல்பான கலப்பு என்று எதிரே எழுதுவோரும் உண்டு. இரண்டும் பாதி உண்மை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மீனவனிடம் இல்லை. ஆயினும் தன் மகனுக்கு வேலை எந்த மொழியில் கிடைக்கும் என்று கணக்கிட அவன் அறியாதவனும் அல்லன். உடப்பு என்ற சிற்றூர் அதே கரையில் இன்றும் தமிழ் பேசுகிறது. அங்கே திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உண்டு. அவர்கள் முழுக்குப் பெறவில்லை, பர்னாந்துகளும் ஆகவில்லை. மொழியைக் காத்தது மதமா, ஒதுக்குப்புறமா என்று எளிதில் பிரித்துச் சொல்ல இயலாது.

நீர்கொழும்பு மீனவரிடையே எஞ்சிய தமிழை மொழியியலார் தனியே ஆய்ந்துள்ளனர். நான் வந்தேன், நீ வந்தாய், அவன் வந்தான் என்று நம் வினைமுற்று ஆளைக் காட்டும். பேச்சுச் சிங்களத்தில் மம ஆவா, ஒயா ஆவா, எயா ஆவா. யார் வந்தாலும் 'ஆவா'தான். நீர்கொழும்பு மீனவர் தமிழிலும் இந்த ஆள்காட்டும் விகுதிகள் தேய்ந்துபோயின. சொற்கள் தமிழாகவே இருக்க, எலும்புக்கூடு சிங்களமாகிவருகிறது. சொற்கள் போனபின் இலக்கணம் போகும் என்று எண்ணியிருப்போர்க்கு இது வியப்பளிக்கும்.

கலவரக் காலங்களில் பெயர் உயிர் காக்கவும் உயிர் பறிக்கவும் செய்தது. 1983 ஜூலையில் வழிமறித்த கும்பல்கள் பெயரைக் கேட்டன. அடையாள அட்டையைப் பார்த்தன. ஐயம் எழுந்தால் வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லச் சொல்லின. மொழிமுதலில் அதிரும் 'ப' தமிழர் நாவில் திருந்த வராது என்பது கணக்கு. தூய சிங்களத்தைச் சோதிக்கத் தேர்ந்த அச்சொல்லும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்ததே: 'பால்தெ'. பர்னாந்து வந்த அதே கப்பலில் வந்த வாளி!

அந்த ஆண்டில் கொழும்புப் பேராயராக இருந்தவர் நிக்கலஸ் மார்க்கஸ் பெர்னாண்டோ, நீர்கொழும்புச் சிங்களவர். திருச்சிராப்பள்ளி ஆயராக இருந்தவர் தாமஸ் பெர்னாண்டோ, அதற்குமுன் 1953 முதல் தூத்துக்குடி ஆயர், தமிழர். 1977 முதல் 1990 வரை பதின்மூன்று ஆண்டுகள், கடலின் இருபுறமும் ஒரே பெயர்கொண்ட இருவர் ஒரே திருச்சபையின் ஆயர்கள். 2008 ஏப்ரலில் வெலிவேரியாவில் தற்கொலைக் குண்டுக்குப் பலியான அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயின் பெயரைப் பிரித்தால் பர்னாந்தும் பிள்ளையும் கிடைக்கும். கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று அரசு கூறியது. இலங்கை அரசோ 2001 குடிசன மதிப்பில் பரதரையும் இலங்கைச் செட்டிகளையும் தனித்தனி இனங்களாகப் பதிந்துகொண்டது. தமிழராகவும் எண்ணப்படாமல் சிங்களவராகவும் எண்ணப்படாமல் மூன்றாவது கட்டத்தில் நிற்க விரும்பியவர்களும் பர்னாந்துகளுள் இருந்தனர்.

2017இல் மன்னாருக்கு ஆயராக அனுப்பப்பட்டவர், அதுவரை கொழும்பில் துணை ஆயராக இருந்த இம்மானுவேல் பெர்னாண்டோ. மன்னார்க் கரையிலும் முல்லைத்தீவுக் கரையிலும் பருவந்தோறும் தெற்கிலிருந்து சிங்கள மீனவர் வந்து குடிசை போட்டுத் தொழில் செய்வதும், உள்ளூர்த் தமிழ் மீனவர் அதை எதிர்ப்பதும் போருக்குப் பின் பெருகியிருக்கின்றன. இரு தரப்பிலும் பர்னாந்துகள் உளர். பூசலுக்குக் காரணமான அந்தக் கடற்கரைக் குடிசைக்குத் தமிழில் 'வாடி' என்று பெயர், சிங்களத்திலும் 'வாடி'தான்.