பாலில் மாற்றம் தெரியாமலே பாதிக்கும் மடிவீக்க நோய்: கறவை மாடுகளைக் காப்பது எப்படி?

உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடான இந்தியாவில், 2023-24ஆம் ஆண்டில் 23.93 கோடி டன் பால் உற்பத்தியானது. சில மாடுகளை மட்டுமே நம்பி வாழும் சிறு விவசாயிகளுக்குப் பேரிழப்பை ஏற்படுத்தும் நோய்களுள் முதன்மையானது மடிவீக்க நோய்.

நுண்ணுயிரிகள் நுழைவது எப்படி?

பசுவின் மடி தனித்தனியான 4 பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு உண்டு. காம்பு நுனியின் தசை, துளையை இறுக்கமாக மூடி வைத்திருக்கும். பால் கறந்த பின், அத்துளை முழுமையாக மூடிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அப்போது மாடு அசுத்தமான தரையில் படுத்தால், சாணத்திலுள்ள ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் உட்புகும். ஸ்டேபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, கறப்பவரின் கை, துடைக்கும் துணி, கறவை இயந்திரம் ஆகியவற்றின் வழியாக மாட்டுக்கு மாடு பரவும்.

மறைந்திருக்கும் பாதிப்பு

மடி வீங்கிச் சூடாக இருத்தல், பாலில் திரிதிரியாகக் கட்டிகள் வருதல் ஆகியவை வெளிப்படையான அறிகுறிகள். ஆனால், பலவேளைகளில் மடியும் பாலும் இயல்பாகவே தோன்றும். பாலின் அளவு மட்டும் குறையும். ஒரு மில்லி லிட்டர் பாலில் உடல் செல்களின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டினால், மடியில் தொற்று இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.

இதைக் கொட்டகையிலேயே கண்டறிய கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை உதவுகிறது. 4 குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே எடுத்து, அதற்குரிய கரைசலைக் கலந்து சுழற்ற வேண்டும். கலவை கூழ்போல் கெட்டியானால் அந்தக் காம்பில் பாதிப்பு உள்ளது.

தடுப்பு முறைகள்

* கறப்பதற்கு முன் கைகளையும் காம்புகளையும் கழுவி, ஈரமின்றித் துடைக்க வேண்டும்.

* கறந்தவுடன் காம்பு நுனிகளை அயோடின் கலந்த கிருமிநாசினியில் நனைக்க வேண்டும்.

* உடனே தீவனம் வைத்தால், துளை மூடும்வரை மாடு நின்றுகொண்டிருக்கும்.

* பாதித்த மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். அதன் பாலைத் தரையில் பீய்ச்சக் கூடாது.

சிகிச்சை

மூலிகை சிகிச்சையாக, சோற்றுக்கற்றாழை, மஞ்சள் தூள், சுண்ணாம்பு கலந்த பூச்சைத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கிறது. நோய் தீவிரமானால் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். தாமதித்தால் பாதித்த காம்பு நிரந்தரமாகப் பால் சுரக்காமல் போகக்கூடும். ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அம்மருந்து பாலிலும் கலப்பதால், மருத்துவர் குறிப்பிடும் நாள்கள் முடியும்வரை அப்பாலை விற்கவோ, பருகவோ கூடாது.