கிறித்தவ இறைவேண்டல்

கிறித்தவ இறைவேண்டல் என்பது கிறித்தவர்கள் தனியாகவோ குழுவாகவோ கடவுளை நோக்கி மனத்தை எழுப்பி, அவரோடு உரையாடுவதையும் அவருக்குச் செவிசாய்ப்பதையும் குறிக்கும். தமிழ்க் கத்தோலிக்கர் இதனைச் செபம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் ஜெபம் என்றும் வழங்குவர். கடவுள் அனைத்தையும் முன்னரே அறிவார் என்று நம்பும் ஒரு சமயத்தில் அவரிடம் வேண்டுவது எதற்காக என்னும் வினா தொடக்க காலம் முதலே எழுப்பப்பட்டு வந்துள்ளது. அதற்குத் தரப்பட்ட விடைகள், கிறித்தவ வாழ்வில் இறைவேண்டல் பெறும் இடத்தைத் தெளிவாக்குகின்றன.

விவிலிய அடிப்படை

இயேசு விடியுமுன் எழுந்து, தனிமையான இடத்திற்குச் சென்று வேண்டினார் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது (1:35). அவர் சீடருக்குக் கற்பித்த இறைவேண்டல் மத்தேயு 6:9-13, லூக்கா 11:2-4 ஆகிய பகுதிகளில் காணப்படுகிறது. இவற்றுள் லூக்காவின் வடிவம் சுருக்கமானது. இரண்டிலும் கடவுளின் பெயர், ஆட்சி ஆகியவை பற்றிய மன்றாட்டுகள் முதலில் வருகின்றன. உணவு, மன்னிப்பு ஆகியவற்றுக்கான மன்றாட்டுகள் அவற்றின் பின்னரே இடம்பெறுகின்றன. வேண்டுபவர் "நான்" என்று கூறாமல் "நாங்கள்" என்றே கூறுகிறார். எனவே தனிமையில் சொல்லப்படும்போதும் இது பிறருக்கான வேண்டலாகவும் அமைகிறது. கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்பிரியான் 3ஆம் நூற்றாண்டிலேயே இதனைச் சுட்டிக்காட்டினார்.

வேண்டுவது ஏன்?

கேட்பதற்கு முன்னரே மனிதரின் தேவையைக் கடவுள் அறிந்திருக்கிறார் என்று இயேசுவே கூறினார் (மத்தேயு 6:8). அப்படியானால் வேண்டுதல் வீண் அல்லவா என்னும் மறுப்பை, ஒரிஜன் 3ஆம் நூற்றாண்டில் இறைவேண்டல் பற்றி எழுதிய நூலில் ஆராய்ந்தார். மனிதர் தம் விருப்புரிமையால் வேண்டப்போவதையும் கடவுள் அறிந்தே அனைத்தையும் ஒழுங்குபடுத்துகிறார் என்பது அவரது விடை.

அகுஸ்தீன், புரோபா என்னும் கைம்பெண்ணுக்கு ஏறத்தாழ கி.பி. 412இல் எழுதிய மடலில், வேண்டுதல் கடவுளுக்குச் செய்தி அறிவிப்பதற்காக அன்று என்றார். கடவுள் தரவிருப்பதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு மனித ஏக்கத்தை அது விரிவாக்குகிறது என்பது அவர் கருத்து. வேண்டுதல் கடவுளின் திட்டத்தை மாற்றுவதில்லை, அத்திட்டம் நிறைவேறும் வழிகளுள் ஒன்றாக அமைகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் விளக்கினார். வேண்டுதல் கடவுளின் நலனைவிட மனிதரின் நலனுக்காகவே ஏற்படுத்தப்பட்டது என்று சீர்திருத்தவாதி ஜான் கால்வினும் எழுதினார்.

நிறைவேறாத வேண்டுதல்கள்

கேட்டவை யாவும் கிடைக்கும் என்னும் எளிய எண்ணத்தை விவிலியம் ஏற்பதில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு, துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டினார். ஆயினும் தந்தையின் திருவுளத்திற்குத் தம்மைக் கையளித்தார் (மாற்கு 14:32-42). கிண்ணம் அகலவில்லை. தம்மை வருத்திய "முள்" நீங்குமாறு பவுல் மூன்று முறை மன்றாடியும் அது நீங்கவில்லை. அதனைத் தாங்கும் அருள் போதும் என்னும் மறுமொழியே அவருக்குக் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:7-9). 88ஆம் திருப்பாடல் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. இத்தகைய புலம்பலும் இறைவேண்டல் நூலில் இடம்பெற்றிருப்பதால், முறையிடுவதும் நம்பிக்கையின் வெளிப்பாடாகக் கொள்ளப்படுகிறது.

மரபுகள்

* பழங்காலக் கிறித்தவக் கையேடான திதாகே, இயேசு கற்பித்த இறைவேண்டலை நாள்தோறும் மூன்று முறை சொல்லப் பணிக்கிறது.
* 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கு, பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் பொது வேண்டலுக்கு நேரம் ஒதுக்கியது.
* கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கோரும் சிறு மன்றாட்டு இடைவிடாது உச்சரிக்கப்படுகிறது.
* மார்ட்டின் லூதர் 1535இல் தம் முடிதிருத்துநர் பீட்டருக்காக ஒரு சிறு நூல் எழுதினார். ஒவ்வொரு கட்டளையையும் போதனை, நன்றி, பாவ அறிக்கை, மன்றாட்டு என நான்கு வகையில் தியானிக்க அதில் வழிகாட்டினார்.
* அவிலாவின் தெரேசா (1515-1582) இறைவேண்டலைத் தம்மை நேசிப்பவரோடு தனிமையில் கொள்ளும் நட்புறவாகக் கண்டார்.

இறைவேண்டலும் செயலும்

செயலிலிருந்து பிரிந்த வேண்டலை விவிலியம் கண்டிக்கிறது. குருதி படிந்த கைகளை உயர்த்தி வேண்டுவதைக் கடவுள் ஏற்பதில்லை. ஒடுக்கப்பட்டோருக்கு நீதி வழங்க வேண்டும் என்கிறார் எசாயா (1:15-17). பிறரை மன்னியாதவர் மன்னிப்புப் பெறுவதில்லை என்று இயேசு எச்சரித்தார் (மத்தேயு 6:15). நாட்சி ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்ட ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர், தம் காலத்தில் கிறித்தவராக இருப்பது இரண்டே செயல்களில் அடங்கும் என 1944 மே மாதத்தில் சிறையிலிருந்து எழுதினார்: ஒன்று இறைவேண்டல், மற்றொன்று மக்களிடையே நீதியைச் செய்தல். அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.